பினாங்குத் தீவின் தெற்குக் கரையோர சியாக்காப் மீன் குஞ்சுப் பண்ணை: மூன்று முறை வாங்கியதில் கண்டது

கொடுவா மீன் என்று எழுதினால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குப் புரியாது, சியாக்காப் என்றே எழுதுகிறேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலில் ஆற்றோரமாக எனக்கும் தம்பிக்கும் மூன்று சின்னக் குளங்கள் இருக்கின்றன. ஓர் அங்குலக் குஞ்சை வாங்கி நாலு அங்குலம் வரை வளர்த்து, புக்கிட் தம்புன் பக்கம் கடலில் கூண்டு போட்டிருப்பவர்களுக்குக் கொடுக்கிறோம். குஞ்சு தரமாக இருந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. ஒரு வருடமாக நான் வாங்கும் பொரிப்பகத்தைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். பெயர் போடவில்லை. இருக்கிற வாடிக்கைக்காரர்களுக்கே குஞ்சு பற்றவில்லை, பெயர் வேண்டாம் என்று தவுக்கே, அதாவது முதலாளி, கேட்டுக்கொண்டார். தொழிலில் இருப்பவர்கள் விசாரித்தால் தெரிந்துவிடும்.

இதற்கு முன்னால் நான் வேறோர் இடத்தில் 5000 குஞ்சு வாங்கினேன். குஞ்சுக்கு எட்டுக் காசு குறைவு என்பதால் போனேன். பையைப் பிரித்த அன்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஒன்பதாம் நாள் காலையில் தீனி போடப் போனபோது குளத்து ஓரத்தில் ஐம்பது அறுபது குஞ்சுகள் கறுத்துப்போய், ஒரே இடத்தில் பம்பரம்போல் சுற்றிக்கொண்டிருந்தன. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிழைத்தவற்றை ஒரு மாதம் கழித்து வலையில் அள்ளிப் பார்த்தால், முதுகு உள்வாங்கி வளைந்தவை, கீழ்த்தாடை துருத்தியவை என்று கூண்டுக்காரர் கையால் தொடாத மீன்கள் நிறைய. கடைசியில் விற்க முடிந்தது 900 கூட இல்லை. சுற்றிச் சுற்றிச் சாவது நரம்பைத் தாக்கும் வைரஸின் அடையாளம் என்று பிறகுதான் படித்தேன். அப்போதே நாலு குஞ்சை எடுத்துப்போய்ப் பரிசோதித்திருக்க வேண்டும். செய்யவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, இந்தப் பொரிப்பகத்துக்கு வருகிறேன். பினாங்கின் இரண்டாவது பாலத்தைத் தாண்டி, தீவில் பத்து மாவுங் வழியாகப் போக வேண்டும். முதல் முறை போன் செய்தபோது தவுக்கே விலையையே சொல்லவில்லை. "முதலில் முட்டையை வந்து பார், பிடித்தால் முன்பணம் கட்டு, ஆறு வாரம் கழித்து குஞ்சை எடு" என்று மலாயில் சொன்னார். எனக்கு அது புதுசு. குஞ்சு வாங்குகிறவளுக்கு முட்டையில் என்ன வேலை?

சியாக்காப் பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய இரவுகளில்தான் முட்டை விடும். எங்கள் வீட்டில் அம்மா அமாவாசைக்குச் சைவம் சமைக்க நாட்காட்டியைப் பார்ப்பார், நான் இப்போது இதற்காகப் பார்க்கிறேன். இரவு எட்டு மணி வாக்கில் விட்ட முட்டை மறுநாள் மதியத்துக்குள் பொரிந்துவிடும். அதனால் காலை ஏழு மணிக்கே அங்கே இருந்தேன். முட்டைத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் பாரிட் புந்தார்க்காரர், தமிழர். முதலில் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து உப்புப் பார்க்கும் கருவியில் விட்டு என்னிடம் நீட்டினார். ஆயிரத்துக்கு 30.

"இதை ஏன் முதல்ல காட்டுறேன்னா, உப்பு குறைஞ்சா நல்ல முட்டையும் அடியில போயிடும்மா. அப்புறம் எது நல்லது எது கெட்டதுன்னு சொல்லவே முடியாது" என்றார்.

பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு ஜன்னல் மேடையில் வைத்தார். அசையாமல் ஐந்து நிமிடம். மேலே தெளிவாக ஒரு படலம் திரண்டது. ஜவ்வரிசி வெந்து கண்ணாடியாக வருமே, அதை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு முட்டை முக்கால் மில்லிமீட்டர்தான். அடியில் உப்பைத் தூவியதுபோல் கொஞ்சம் வெள்ளை. அது கருத்தரிக்காததும் செத்ததும். மேலே உள்ளதில் ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஓர் எண்ணெய்ப் பொட்டு, வட்டமாக, பளபளவென்று. அதைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது குஞ்சு. ஒன்று வாலைச் சொடுக்கியது. நான் கண்ணை எடுக்கவே இல்லை.

எண்ணெய்ப் பொட்டு இரண்டு மூன்றாக உடைந்திருந்தால் அந்த முட்டை சரியில்லை என்று அர்த்தம். இன்னொன்றும் சொன்னார். முட்டை விட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரு இரண்டு, நாலு, எட்டு என்று பிரியும், அந்தப் பிரிவுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று கோணலாகப் பிரிந்தால் பொரித்தாலும் குஞ்சு தேறாது. அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க முடியாது என்பதால், இரண்டாவது முறை இரவு ஒன்பதரைக்கு உருப்பெருக்கியில் எடுத்த படத்தை வாட்சப்பில் அனுப்பினார். வேறு எந்த வியாபாரியும் எனக்கு இதைச் செய்ததில்லை.

இந்தப் பொரிப்பகத்தை நான் நம்புவதற்குக் காரணம் அந்த இரண்டாவது முறைதான். படம் வந்த மறுநாள் காலை பாலம் தாண்டிப் போனேன். குவளையில் பாதிக்கு மேல் அடியில் வெள்ளையாகக் கிடந்தது. மிதந்ததை மட்டும் வடித்தெடுத்துப் பொரிக்க வைத்திருக்கலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்வார்கள். தவுக்கே குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதில் மிதப்பதும் பலம் இருக்காது" என்று சொல்லி மொத்தத் தொட்டியையும் கொட்டச் சொல்லிவிட்டார். முன்பணத்தைத் திருப்பித் தரவா, அடுத்த நிலாவுக்குக் காத்திருக்கிறாயா என்று கேட்டார். காத்திருந்தேன். என் குளங்கள் பதினைந்து நாள் கூடுதலாகக் காலியாகக் கிடந்தன. அந்த நஷ்டத்தை நான் மனதாரத் தாங்கிக்கொண்டேன்.

ஏன் அந்த முறை முட்டை கெட்டது என்று கேட்டேன். மழைக்காலத்தில் மூன்று வாரம் நல்ல மீன் வரத்து இல்லாமல், தாய் மீன்களுக்கு ரொம்ப நாள் ஐஸில் கிடந்த கெம்போங் மீனைப் போட்டாராம். பழைய மீனில் கொழுப்பு காறிப்போகும், வைட்டமின் இ-யும் போய்விடும். பொரித்த குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் வாயே திறக்காது. அதுவரை அதன் சாப்பாடு தாய் கொடுத்தனுப்பிய மஞ்சள் கருவும் அந்த எண்ணெய்ப் பொட்டும் மட்டும்தான். தாய் சாப்பிடாததைக் குஞ்சு எங்கே போய் எடுக்கும்? இப்போது அன்றன்று கரைக்கு வரும் கெம்போங்கும் சோத்தோங்கும் (கணவாய்), மேலே வைட்டமின். சோத்தோங் வாங்கிய சீட்டுகளை ஆணியில் குத்தி வைத்திருக்கிறார், நானே பார்த்தேன்.

தாய் மீனை நினைத்த நேரத்தில் மாற்றிவிடவும் முடியாது. சியாக்காப் முதலில் ஆணாகத்தான் இருக்கும், வருடக்கணக்கில் வளர்ந்து நாலைந்து கிலோவைத் தாண்டும்போதுதான் பெண்ணாக மாறும். ஒரு பெண் மீனை உருவாக்க அத்தனை வருடத் தீனி. அதனால்தான் சிலர் கிழட்டுத் தாய்களை விடாமல் முட்டை விட வைக்க ஊசி போட்டு ஓட்டுகிறார்கள். இவரிடம் ஒவ்வொரு தாய்க்கும் உடம்பில் சிப் இருக்கிறது, எப்போது முட்டை விட்டது என்று நோட்டில் எழுதி வைக்கிறார். வைரஸ் இல்லை என்று பத்து மாவுங்கில் உள்ள தேசிய மீன் சுகாதார ஆராய்ச்சி மையத்தில் பரிசோதித்த காகிதத்தையும் கேட்காமலே எடுத்துக் காட்டினார். தவுக்கே இளவயதில் தாய்லாந்தின் சொங்க்லாவில் வேலை பழகியவர். 1970களின் தொடக்கத்தில் இந்த மீனை முதலில் செயற்கையாகப் பொரிக்க வைத்த ஊர் அது.

பொரித்த இளங்குஞ்சுகள் இருக்கும் லார்வா அறைக்குள் ஒரே ஒரு முறைதான் விட்டார்கள், அதுவும் கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்த பிறகு. மூன்று நாள் வயதுக் குஞ்சை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்தால் உடம்பு தெரியாது, ஜோடி ஜோடியாகக் கண்கள் மட்டும் கறுப்பாக நகரும். நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீர், அதில் தீனியாக ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரி, பிறகு ஆர்ட்டீமியா என்ற இறால் இனத்துச் சின்ன உயிரி. இரண்டையும் மீன் எண்ணெய்க் கலவையில் ஊறவிட்டுத்தான் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை ஒதுக்கி எடுக்க வைத்திருந்த சின்னச் சட்டம். அந்த வயதில் குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால்தான் காற்றுப்பை ஊதும். படலம் தடுத்தால் பை ஊதாது, மிதக்க முடியாமல் தலையைத் தூக்கித் தூக்கி நீந்தி முதுகு வளைந்துவிடும். என் பழைய குளத்து வளைந்த மீன்கள் அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தன.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார்கள், வாட்சப்பில் எழுதிவிட்டு அரை நாள் காத்திருக்க வேண்டும். விலை 38 காசு, வட்டாரத்தில் அதிகம்தான். மூன்றாவது முறை வந்த பைகளில் அளவு கலந்திருந்தது. சியாக்காப் தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள குஞ்சை விழுங்கிவிடும். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பையில் வாயில் வால் தொங்க ஏழெட்டு செத்துக் கிடந்தன, விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்தே. படம் எடுத்து அனுப்பினேன். தரம் பிரிக்கும் பையன் விடுப்பில் இருந்ததாகச் சொல்லி, அடுத்த வண்டியில் 150 குஞ்சு சேர்த்து அனுப்பினார்கள். அது நியாயம்தான், ஆனாலும் அனுப்புமுன் ஒரு முறை சல்லடை போட்டிருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்கும்.

ஒரு விஷயம் கேட்டு வாங்க வேண்டும். என் குளத்தில் உப்பு ஆயிரத்துக்கு 12 தான். இரண்டு நாள் முன்னால் சொன்னால் அவர்கள் தொட்டியிலேயே படிப்படியாக இறக்கி அனுப்புவார்கள், காசு வாங்குவதில்லை. சொல்லாவிட்டால் 28-இல் வரும்.

முதல் முறை வாங்கிய 3000-இல் ஒரு மாதம் கழித்து எண்ணியபோது 2610 இருந்தன. ஒரு வலை அள்ளி இருநூறு மீனைத் தம்பியும் நானும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். வளைந்தது நாலு. கூண்டுக்காரர் அத்தனையையும் எடுத்துக்கொண்டார், அடுத்தது எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். வருகிற அமாவாசைக்கு முட்டை பார்க்க வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை தம்பியும் வருகிறான், அவன் இன்னும் உருப்பெருக்கியில் பார்த்ததில்லை.