குதிரைப் புழுதியும் வாவிக் காற்றும்: 70–300ஆ, 70–200ஆ?

ஓமானில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி நடந்த குதிரை அர்தாவை, அதாவது குதிரைச் சவாரிக் காட்சியை, படம் எடுத்தேன். மாறியது லென்ஸ் மட்டும். முதற்பயணத்தில் 70–300 மில்லிமீற்றர் (எண் கூடினால் தூரத்துக் காட்சி கிட்ட வரும்), அடுத்ததில் பழையதாக வாங்கிய 70–200 எஃப் 2.8 (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்). இப்போது கையில் இருப்பது பின்னது. ஆகவே என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

அர்தாவில் மணற்பாதையின் இருபுறமும் சனம் நிற்கும். குதிரைகள் சோடி சோடியாக, விலாவோடு விலா ஒட்டி, முழுப் பாய்ச்சலில் வரும். சிலர் ஓடும் குதிரையின் முதுகில் எழுந்து நின்று, பக்கத்துக் குதிரைக்காரரின் கையைப் பிடித்தபடி வருவார்கள். குதிரையை மண்ணில் படுக்கவைத்துக் காட்டுவதும் உண்டு. ஒட்டக அர்தாவோடு சேர்த்து இதை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த சோடி, நாம் மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் முன்னால் வந்து கடந்துவிடும். அதனால் சூம் லென்ஸ் இல்லாமல் சரிவராது. கைப்பேசியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நிறை, விலை, எட்டும் தூரம் மூன்றிலும் 70–300தான் வெல்கிறது. அது முக்கால் கிலோ, மற்றது ஒன்றரைக் கிலோ. 70–200ஐத் தோளில் கண்ட மச்சான், "குதிரையைச் சுடப்போகிறாயா, படம் எடுக்கப்போகிறாயா?" என்று கேட்டார். ஆனால் அந்த மேலதிக 100 மில்லிமீற்றரை நம்பிப் போனால் வெயில் ஏமாற்றிவிடும். 300இல் இழுத்துப் பிடிக்கும் தூரத்தில் நடுவே கானல் நெளிகிறது. குதிரையின் கால்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல் வளைந்து விழுந்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

வெளிச்சக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் குதிரை 1/1000 செக்கனில் ஒன்றேகால் சென்ரிமீற்றர் நகரும். ஷட்டரை அதற்குக் கீழே இறக்க எனக்கு மனம் வராது. வெயில் சாயும் நேரத்தில் எஃப் 2.8க்கு ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்) 800 போதுமென்றால் 70–300இன் எஃப் 5.6க்கு 3200 வேண்டும். இன்றைய கமராக்களுக்கு 3200 ஒரு பாரமே இல்லை. இதற்காக மட்டும் யாரும் இவ்வளவு காசு கொடுக்கத் தேவையில்லை.

நான் கொடுத்தது புழுதிக்காக. சரியாகச் சொன்னால், அங்கே பட்ட புழுதி ஊருக்கு வந்து செய்த வேலைக்காக.

70–300 லென்ஸ்களில் பெரும்பாலானவற்றில் சூம் வளையத்தைத் திருப்பினால் முன்குழல் வெளியே நீளும், பிறகு சுருங்கும். கொல்லன் துருத்திதான். நீளும்போது காற்றை இழுக்கும். குதிரை கடந்த பின் அந்தரத்தில் நிற்கிறதே மாவுபோன்ற புழுதி, அதுவும் கூடவே உள்ளே போகும். ஒரே மாலையில் இருநூறு தடவையாவது நீட்டிச் சுருக்கியிருப்பேன். என் 70–200இல் கண்ணாடிகள் குழலுக்குள்ளேயே நகர்கின்றன, வெளியே எதுவும் நீளாது. (மிரர்லெஸ் கமராக்களுக்கென வந்த 70–200களில் சில நீளுகின்றன. கடையிலேயே வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.)

முதற்பயணம் முடிந்து வந்ததும் முன்கண்ணாடியைத் துடைத்து, பையில் போட்டு, அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மழை தொடங்கியது. மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் அலுமாரிக்குள் தொங்கும் தோல் இடுப்புப்பட்டியே பூத்துப்போகும். தை பிறந்த பின் லென்ஸை எடுத்து, ஒரு முனையில் கைப்பேசி டார்ச்சைப் பிடித்து மறுமுனையால் பார்த்தேன். உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி நூல்போல ஒரு கொத்து, அதன் நடுவில் ஒரு புழுதிப் பொட்டு. பங்கஸ், அதாவது பூஞ்சணம்.

அதற்கு ஈரமும் கொஞ்சம் அழுக்கும் இருந்தால் போதும். விட்டுவைத்தால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் வடு போகாது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். கழற்றித் துடைக்கக் கேட்ட கூலி, அதே லென்ஸ் பழையதாக விலைபோகும் தொகையில் ஏறத்தாழப் பாதி. சரி, விற்றுத் தொலைப்போம் என்றால், பார்க்க வந்த முதல் ஆளே கைப்பேசியை எடுத்து டார்ச் அடித்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

70–200க்குப் பங்கஸ் பிடிக்காது என்று சொல்லவில்லை. காற்றே புகாத சூம் லென்ஸ் எங்கும் கிடையாது. ஆனால் இரண்டு மாரி கடந்தும் டார்ச் வெளிச்சத்தில் துப்புரவாகத் தெரிகிறது. இதில் லென்ஸின் பங்கு எவ்வளவு, பெட்டியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் இப்போது அலுமாரியை நம்புவதில்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி, அவ்வளவுதான். ஈரப்பதம் 45க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் நிம்மதி. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் பழைய சட்டியில் போட்டுச் சூடாக்கி ஈரத்தைப் போக்குவேன். சமையற்சட்டியை எடுத்து ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதால் சொல்கிறேன், அதற்கென்று தனிச்சட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மொரோக்கோவின் தபூரிதா என்னும் குதிரைச் சவாரிக் காட்சிக்கும் இதே லென்ஸைச் சொல்வேனா? அங்கே போனதில்லை, ஆகவே பாதி மனத்தோடுதான் சொல்வேன். 15 முதல் 25 வரை, ஒற்றைப்படை எண்ணிக்கையில் குதிரைகள் ஒரே வரிசையாகப் பாய்ந்து வந்து, எல்லோரும் ஒரே நொடியில் துப்பாக்கி வெடிப்பார்கள். புழுதியோடு வெடிமருந்துப் புகையும் சேரும். அந்த வரிசை முழுவதையும் அடக்க 70கூட நெருக்கமாகிவிடலாம். 24–70 ஒன்றும் கூடப்போக வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.

ஊரில் 70–200 சும்மா கிடப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில், சனத்துக்குள் ஓரடி முன்னே நகர முடியாத இடத்தில், நின்ற நிலையிலேயே சுவாமியின் முகம்வரை போய்வருகிறது. கலியாண வீட்டு மங்கல் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய 70–300ஐ கடைசியில் துடைப்பித்து மச்சானுக்கே கொடுத்துவிட்டேன். அவர் இருப்பது நிஸ்வாவில். கடலிலிருந்து உள்ளே தள்ளிய, காய்ந்த ஊர். அங்கே புழுதி உள்ளே போனாலும் புழுதியாகவே கிடக்கும். ஓரத்தில் ஒரு சின்ன வடு மட்டும் இருக்கிறது. சூரியனுக்கு நேரே பிடித்தால்தான் படத்தில் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன். போன பெருநாளுக்கு அவர் அனுப்பிய பன்னிரண்டு படங்களில் ஒன்பது சூரியனுக்கு நேரே எடுத்தவை.