வேலை முடிந்து வந்து ராத்திரி பேக்கிங் செய்கிறவர்களுக்கு: சேம்பர் வேக்குவம் சீலர், எட்டு மாத அனுபவம்

நானும் கணவரும் தம்பியும் முழுநேர வேலைக்குப் போகிறவர்கள். அதோடு அம்மாவின் கைப்பக்குவத்தை நம்பி ஒரு சின்னத் தொழிலும் ஓடுகிறது: சூப், சாஸ் வகைகளைச் சமைத்து, பாக்கெட்டில் அடைத்து, உறைய வைத்து விற்கிறோம். செவ்வாயும் வியாழனும் பகலில் அம்மாவும் உதவிக்கு வரும் அக்காவும் சமைத்து ஆற வைத்துவிடுவார்கள், பேக்கிங் எங்கள் பொறுப்பு. பையன் தூங்க ஒன்பதரை ஆகிவிடும், காலையில் ஆபீஸுக்கு ஓட வேண்டும், ஆகக் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். பையிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை ஒட்டும் இந்த மிஷின் நல்லதா இல்லையா என்பதை நான் அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முன்பு வைத்திருந்தது பையின் வாயை மட்டும் கவ்விக் காற்றை உறிஞ்சும் சின்ன வகை. உலர்ந்த பொருளுக்கு அது போதும். சூப்பை வைத்தால் காற்றோடு சூப்பும் மேலே ஏறி, சீல் விழ வேண்டிய இடம் ஈரமாகி ஒட்டாமல் போகும். அதனால் முதல் நாள் ராத்திரி டப்பாக்களில் ஊற்றி உறைய வைத்து, மறுநாள் கட்டியாகத் தட்டி எடுத்துப் பையில் போட்டு சீல் செய்வோம். ஒரு சமையலுக்கு இரண்டு ராத்திரி போய்விடும், அதிலும் நாலைந்து பைக்கு ஒருமுறை மிஷின் சூடாகிவிடும், அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தம்பியின் கைக்குத்தான் அது ஒழுங்காகப் படியும், அவனுக்கு ஆபீஸில் வேலை இழுத்துவிட்டால் அன்றைக்கு பேக்கிங்கே இல்லை.

சேம்பர் வகையில் பையை முழுசாக ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறோம். பைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் காற்று குறைவதால் சூப் மேலே ஏறுவதில்லை, உறைய வைக்காமலே சீல் செய்யலாம். பையின் வாயைச் சூட்டால் ஒட்டும் சீல் பட்டை எங்களுடையதில் 30 சென்டிமீட்டர், சின்னப் பை என்றால் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். மூடியை அழுத்தியதிலிருந்து தானாகத் திறக்கும்வரை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. 60 பாக்கெட்டை ஐம்பது நிமிடத்தில் முடித்து லேபிளும் ஒட்டிவிடுகிறோம், அதுவும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எனக்கு இதில் பெரிய நிம்மதி இதுதான். பழைய மிஷினுக்குத் தேவைப்பட்ட கோடு போட்ட தனிப் பைகளும் வேண்டாம், சாதாரண வழுவழுப்பான வேக்குவம் பை போதும், அதன் விலையும் குறைவு.

ஆனால் ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டு வாங்குங்கள். காற்றழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் இறங்கும். 40 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 74 மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வாக்கில் கொதிக்கத் தொடங்கிவிடும், 5 டிகிரிக்கு ஆறியிருந்தால் 9 மில்லிபார் வரை தாங்கும். வாங்கின முதல் வாரம், ட்ரேயின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து சில்லென்று இருக்கிறதே என்று சாஸை ஊற்றி மூடினோம். நடுவில் சூடு இருந்திருக்கிறது. கண்ணாடி மூடி வழியாகப் பார்க்கும்போதே பை உப்பி, குமிழி விட்டு, பொங்கிப் பெட்டி முழுக்கத் தெறித்தது. துடைத்து முடிக்க மணி பன்னிரண்டு. இப்போது ட்ரேயின் நட்டநடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி 5 டிகிரி காட்டினால்தான் பையை எடுக்கிறோம். ஆற வைப்பதிலும் கணக்கு உண்டு: 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். ஆழமில்லாத ட்ரேயில் பரப்பி, ஐஸ் தண்ணீரில் வைத்து அம்மா கிளறிக்கொண்டே இருப்பார். நாங்கள் வீடு திரும்பும்போது ஃப்ரிட்ஜில் தயாராக இருக்கும்.

இன்னொன்று. வேக்குவம் போட்டுவிட்டோம், இனி வெளியிலேயே வைக்கலாம் என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து வேண்டாம். காற்றில்லாத இடத்தில்தான் போட்டுலிசம் நோய்க்கான விஷத்தை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா வளரும். அதன் வித்துகள் 100 டிகிரி கொதியையும் தாங்கிக்கொள்ளும். அமிலத்தன்மை போதாத, அதாவது பிஎச் 4.6-க்கு மேல் உள்ள உணவு அதற்குத் தோது, அதன் சில வகைகள் 3 டிகிரி குளிரிலேயே வளரக்கூடியவை, அதனால் ஃப்ரிட்ஜை நம்பியும் நாட்களை இழுக்க முடியாது. எங்கள் பாக்கெட் எல்லாம் சீல் ஆனதும் நேராக மைனஸ் 18 ஃப்ரீசருக்குப் போகிறது. அடுத்தவர் வீட்டுக் குழந்தையும் சாப்பிடப் போகிற பொருள் இது.

பராமரிப்புக்கு வருகிறேன். காற்றை உறிஞ்சும் பம்பு ஆயிலில் ஓடுகிற மிஷின் இது. பெட்டியைப் பிரித்ததும் சுவிட்சைப் போடப் பார்த்தோம், நல்லவேளை கணவர் பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைப் படித்தார்: பம்பில் ஆயில் இல்லாமல்தான் அனுப்புகிறார்களாம், நாம்தான் ஊற்ற வேண்டும். இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கொட்டை எழுத்தில் முன்னால் ஒட்டியிருக்க வேண்டாமா? ஈரமான உணவு வைக்கும்போது நீராவி பம்புக்குள் போய் ஆயில் பால் மாதிரி வெளுக்கும், கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் தெரியும், அப்படியானால் மாற்றியாக வேண்டும். வேலையைத் தொடங்குமுன் சில சுற்று வெறுமனே ஓட்டி பம்பைச் சூடாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை குறைகிறது. ஆறாவது மாதம் மூடியின் ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் பிய்ந்தது. விற்றவர்கள் வேறு அனுப்ப மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், அந்த மூன்று வாரமும் ஆர்டர் எடுக்கவில்லை. வாங்கும்போதே ஒரு கேஸ்கெட், ஹீட்டிங் கம்பி, டெஃப்லான் டேப் இவற்றைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் ஊற்றும்போது வாயைச் சட்டைக் காலர் மாதிரி வெளிப்பக்கம் மடித்துவிட்டு ஊற்றுவது அம்மா சொல்லித் தந்த வழி, சீல் விழும் இடத்தில் ஒரு சொட்டுக்கூடப் படாது. பெட்டிக்குள் வரும் வெள்ளைப் பலகைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பையை சீல் பட்டையின் மட்டத்துக்கு உயர்த்துவதோடு, வெளியேற்ற வேண்டிய காற்றும் குறைவதால் நேரம் மிச்சம். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பையைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறோம், குமிழி வந்தால் அந்தப் பத்தையும் பிரித்து மறுபடி சீல் செய்கிறோம்.

சத்தம் பரவாயில்லை, பக்கத்து அறையில் பையன் எழுந்ததில்லை. கனம்தான் அதிகம், இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும், அதனால் எடுத்து எடுத்து வைக்கலாம் என்று கணக்குப் போடாமல் நிரந்தரமாக ஒரு மேசையை ஒதுக்கிவிடுங்கள். உலர்ந்த பொருள் மட்டும் செய்கிறவர்களுக்கும், வாரத்துக்கு இருபது பாக்கெட் போடுகிறவர்களுக்கும் இது தேவையில்லை. எங்களை மாதிரி திரவமாகச் செய்து, ராத்திரியில் மட்டும் நேரம் கிடைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் சீல் பட்டை 40 சென்டிமீட்டராகப் பாருங்கள். நாங்கள் 30 வாங்கியதால் பெரிய பையை இன்னும் ஒவ்வொன்றாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.