முயல்ச் சண்டைக்கு எட்டுத் தட்டிக் கம்பி வேலி: ஒரு செட் போதாது

கொழும்புக் கடைகளில் நாய்க்குட்டிக்கென்று விற்கும் மடிப்புக் கம்பி வேலிதான், கடிபடும் இரண்டு முயல்களை வைத்திருப்பவர்கள் முதலில் வாங்கவேண்டிய சாமான். பொதுவாகக் கிடைப்பது எட்டுத் தட்டி உள்ளது. ஒவ்வொரு தட்டியும் 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். சாமான் நல்லது. ஆனால் ஒரே ஒரு செட்டை வாங்கி நடுவில் மறித்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் விட்டால் முயலுக்குத்தான் ஆபத்து. கம்பிகளுக்கு இடையில் மூக்கும் உதடும் தாராளமாகப் போகும். மறுபக்கத்து முயல் கவ்வினால் உதடு கிழியும், நகம் பிடுங்கப்படும்.

ஆகவே இரண்டு செட் வேண்டும். ஒவ்வொன்றையும் 1.2 மீற்றர் சதுரமாக நிறுத்தி, நடுவில் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். மொத்த நீளம் இரண்டரை மீற்றர். வெள்ளவத்தை ஃபிளாட் ஹோலிலும் அடங்கும். முயல் முட்டினால் வேலி நகரும். 10 செ.மீ. நீளமான மரத்துண்டு இரண்டை இடையில் வைத்து, புறக்கோட்டையில் கிடைக்கும் கேபிள் டையால் இறுக்குங்கள். முடிச்சு முயலின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

60 செ.மீ. உயரத்தைத் துடிப்பான முயல் பாய்ந்து தாண்டும். 90 செ.மீ. வேலி கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லையென்றால் மேலே வலை கட்டுங்கள். அடித்தளமும் இதில் கிடையாது. டைல்ஸில் கால் வழுக்கும் முயல் பயத்திலேயே கடிக்கும். இறப்பர் அடி வைத்த கால்மிதி விரித்தால் பாதிப் பதற்றம் அடங்கும்.

கருத்தடை செய்யாத முயல்களுக்கு எந்த வேலியும் சமாதானம் வாங்கித் தராது. ஆண் முயலுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தாலும் ஆறு கிழமை வரை பெண்ணைச் சினைப்படுத்தக்கூடும், சண்டைக் குணம் தணியவும் அவ்வளவு காலம் எடுக்கும். இந்த வேலி உண்மையில் உழைப்பது அந்த ஆறு கிழமையில்தான். தினமும் முயல்களைப் பக்கம் மாற்றிவிடுங்கள், மலத்தட்டை இருந்த பக்கத்திலேயே விடுங்கள். மற்றதின் மணத்துக்கு அப்படித்தான் பழகும். கினிப்புல்லை முதலில் வேலியிலிருந்து தள்ளிப் போட்டு, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவாருங்கள்.

இரண்டும் வேலியோரமாகக் காலை நீட்டிப் படுக்கத் தொடங்கினால் சந்திக்க விடலாம். இடம் இரண்டுக்கும் புதிதாக இருக்கவேண்டும்: போகாத அறை, கழுவிக் காயவிட்ட பல்கனி. காலை எட்டு மணிக்கு முன், முதலில் பத்து நிமிடம் போதும். கொழும்பு மத்தியான வெக்கையும் புழுக்கமும் முயலை வீழ்த்திவிடும். ஐஸாக்கிய போத்தலைத் துணியில் சுற்றி ஒவ்வொரு பக்கமும் வையுங்கள். காற்றோட்டத்தில் இந்த வேலி மூடிய கூட்டைவிட எவ்வளவோ மேல்.

காது பின்னால் ஒட்டி, வால் நிமிர்ந்து, ஒன்றின் வாலை மற்றது தேடிச் சுற்றத் தொடங்கினால் அடுத்த நொடி உருண்டு கடிபடும். வெறுங்கையை விடாதீர்கள், தும்புத்தடியை நடுவில் நுழையுங்கள். முதுகில் ஏறுவதைச் சில நொடி பொறுக்கலாம். தலைப்பக்கமாக ஏறினால் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது ஏறியதின் பிறப்புறுப்பைக் கடித்துவிடும். ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதின் தாடைக்குக் கீழே நீட்டினால், நக்கிவிடச் சொல்லிக் கேட்கிறது. அதுதான் காத்திருந்த நிமிடம்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மயிரை எதிர்த்திசையில் விரலால் தடவுங்கள். பல் பட்ட துளையை மயிர் மூடிவிடும். உள்ளே கட்டும் சீழ் பற்பசை போலத் தடிப்பு, தானாக வடியாது, பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கவேண்டும். திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைக்க ஒரு நாள் போதும். துரத்தலோ ஏறலோ இல்லாமல் இரண்டும் ஒன்றாக 48 மணித்தியாலம் உங்கள் கண்முன்னே கழிந்த பிறகே வேலியை மடியுங்கள். மிருக வைத்தியரிடம் ஒன்றைக் கொண்டுபோனாலும் மற்றதையும் கூட்டிப்போங்கள், வேறு மணத்தோடு திரும்பும் முயலைத் துணையே அடிக்கக்கூடும்.

கடையில் தட்டிகளை விரித்து மடித்துப் பாருங்கள். பூச்சை நகத்தால் சுரண்டுங்கள். உரிந்தால் வேண்டாம், முயல் கம்பியைக் கொறிக்கும், துகள் வயிற்றுக்குள் போகும். கதவுத் தாழ்ப்பாள் தொளதொளவென்றிருந்தால் அதையும் கேபிள் டையால் கட்டுங்கள். கதவுள்ள தட்டியை இரு வேலிகளும் எதிர்ப்படும் பக்கத்தில் வைக்கவேண்டாம்.