பிரெய்ல் நோட்டேக்கரில் இணையம்: தோட்டத்துச் சாளையிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

நோட்டேக்கர் என்னும், பார்வையற்றவர்களுக்கான கையடக்கக் கணினியில் வைஃபையை இணைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இணைத்த இணையம் அதில் எத்தனை வருசம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி. விற்பவர்கள் முதல் விசயத்தை வாய் வலிக்கப் பேசுவார்கள். இரண்டாவதைக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

என்னிடம் இருப்பது 32 செல் நோட்டேக்கர், அதாவது ஒரே நேரத்தில் 32 பிரெய்ல் எழுத்துகளைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி. திரை கிடையாது. மேலே ஆறு புள்ளிச் சாவிகள், இரண்டு ஓரத்திலும் பேக்ஸ்பேஸும் என்டரும், நடுவில் ஸ்பேஸ், அதற்குக் கீழே விரல் ஓட்டிப் படிக்கும் பிரெய்ல் வரிசை. உள்ளே ஓடுவது விண்டோஸ் சிஇ 6.0, சின்னக் கருவிகளுக்கான பழைய விண்டோஸ். வைஃபை, புளூடூத், லேன் கேபிள் செருகும் துளை மூன்றும் உண்டு. மாடல் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தலைமுறைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். நான் பள்ளியில் தமிழாசிரியர். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறேன். பத்து வருசத்துக்கு மேலாக வகுப்புக்கு இதோடுதான் போகிறேன். காதில் எதையும் மாட்டாமல், பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இடது கை விரலால் பாடக் குறிப்பைப் படிக்கலாம். அதற்கு ஈடாக எந்தப் போனும் எனக்கு இன்னும் அமையவில்லை.

வைஃபை மெனுவில் ஸ்கேன் கொடுத்தால் பக்கத்தில் உள்ள நெட்வொர்க் பெயர்கள் ஒவ்வொன்றாக விரலுக்கு வரும். தோட்டத்தில் பக்கத்து வீடு என்று எதுவும் இல்லாததால் எனக்கு வருவது ஒன்றே ஒன்று. என்டர் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கடவுச்சொல் பெட்டிக்குள் நாம் வழக்கமாக எழுதும் பிரெய்ல் செல்லாது. கணினிக் குறிகளுக்கென்றே எட்டுப் புள்ளிகளில் அமைந்த கம்ப்யூட்டர் பிரெய்லில் எழுத வேண்டும். புள்ளிகளுக்கு எண் உண்டு: இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6, அடியில் 7, 8. பள்ளியில் படித்த முறையில் எண்ணுக்கு முன்னால் எண் குறி போடுவோம், 3-4-5-6 புள்ளிகள். கம்ப்யூட்டர் பிரெய்லில் அதே 3-4-5-6 ஹேஷ் குறி. எண்களுக்கு முன்குறியே கிடையாது. ஒன்று என்றால் 2-ஆம் புள்ளி மட்டும், இரண்டு என்றால் 2-3 என்று ஒரு படி கீழே இறக்கி எழுத வேண்டும். அட் குறிக்கு 4-7. பெரிய எழுத்து வேண்டுமானால் எழுத்தோடு 7-ஆம் புள்ளியைச் சேர்க்க வேண்டும். என் கருவியில் 7-ஆம் புள்ளியும் பேக்ஸ்பேஸும் ஒரே சாவி. விரல்கள் ஒன்றாக விழுந்தால் பெரிய எழுத்து வரும். அந்தச் சாவி மட்டும் கொஞ்சம் பிந்தி விழுந்தால், அடித்த எழுத்தே அழிந்து போகும். நடந்தது எது என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. எதை அடித்தாலும் பெட்டிக்குள் நட்சத்திரக் குறிதான். விரலுக்கு 1-6, 1-6, 1-6 என்று ஒரே மாதிரி ஓடும்.

கோவையில் பி.ஏ. படிக்கும் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துத் தம்பி ஒருவன் ராத்திரி போன் செய்தான். "பாஸ்வேர்டு கரெக்டாத்தானுங்ணா போடறேன், கனெக்டே ஆவ மாட்டேங்குதுங்க" என்றான். "ஊடால ஹேஷ் ஏதாச்சும் அடிக்கறயா கண்ணு?" என்று கேட்டேன். "இல்லீங்ணா, நம்பர் சைன் மட்டுந்தானுங்" என்றான். அப்புறம் அவனே சிரித்துவிட்டான்.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி சுலபமானது. வெறும் கோப்பு ஒன்றைத் திறந்து, கம்ப்யூட்டர் பிரெய்லுக்கு மாற்றி, அதில் கடவுச்சொல்லை அடித்து, விரலால் ஒருமுறை படித்துப் பார்த்து, காப்பி எடுத்துப் பெட்டியில் பேஸ்ட் செய்வேன். அதைவிட நல்லது ரவுட்டரிலேயே கடவுச்சொல்லை மாற்றிவிடுவது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். பெரிய எழுத்து, எண், குறி எதுவும் இல்லாமல் சின்ன எழுத்திலேயே நீளமாக, அகராதியில் தேடினால் கிடைக்காத ஒரு தொடராக வைத்துக்கொண்டால் பாதுகாப்பும் குறையாது, விரலுக்கும் சிரமமில்லை. ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை எழுத்து படிக்கும் செயலியிடம் கொடுத்தால், சுழியத்தை ஓ என்றும் ஒன்றை எல் என்றும் துணிந்து சொல்லும். அண்ணன் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வது எனக்கு அதைவிட வேகமாக முடிகிறது.

அடுத்த தொல்லை கொஞ்சம் விசித்திரமானது. வீட்டில் ஃபைபர் இணைப்பு வந்த புதிதில், போன்கள் எல்லாவற்றிலும் வைஃபை ஓடும், நோட்டேக்கருக்கு மட்டும் சில நாள் நெட்வொர்க்கே கண்ணில் படாது. மறுநாள் தானாக வந்துவிடும். கேபிள்காரர் வந்து பார்த்து, "மெசின் பழசாயிருச்சுங்க வாத்தியாரே, புதுசு ஒண்ணு வாங்கீருங்க" என்றார். லட்சக்கணக்கில் விலை என்பது அவருக்குத் தெரியாது. விசயம் சேனலில், அதாவது ரவுட்டர் பேசும் அலைத் தடத்தில், இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்களுக்கு அனுமதி உண்டு. அமெரிக்க விதிகளுக்கு அமைத்த கருவிகள் பெரும்பாலும் 11-க்கு மேல் தேடுவதே இல்லை. ரவுட்டரைத் தானியங்கியில் விட்டால் அது ஒரு நாள் 6-இல் நிற்கும், இன்னொரு நாள் 13-க்குப் போய்விடும். 13-இல் நிற்கும் நாளில் என் கருவிக்கு அது இல்லாத நெட்வொர்க். 6-இலேயே நிற்கும்படி ரவுட்டரில் கட்டிப்போட்டதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ரவுட்டர் பக்கத்திலேயே கேபிள்காரரை உட்கார வைத்து இன்னும் இரண்டு வேலை செய்யச் சொன்னேன். 2.4-க்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கச் சொன்னேன், ஏனென்றால் பழைய நோட்டேக்கர்களுக்கு 5 தெரியாது. தவிர, சுவர் தாண்டி மாட்டுக் கட்டுத்தரை வரைக்கும் எட்டுவது 2.4-தான். பாதுகாப்பை டபிள்யூபிஏ2-வில் நிறுத்தச் சொன்னேன். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்தால் அதற்கு முந்தைய கருவிகள் வாசலிலேயே நின்றுவிடும்.

ஆடி மாசம் எங்கள் பக்கம் தனிக்கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளுக்குத் தீனி போடும். எங்கள் ஃபைபர் வயர் மேல் தென்னை மட்டையையும் போடும். அந்த நாட்களில் போனின் ஹாட்ஸ்பாட்தான். அதிலும் இதே கணக்கு: ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 என்று தேர்ந்தெடுக்க வேண்டும், ஐபோனில் அதற்கு 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. யாரும் இணையாவிட்டால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடுவதால், நோட்டேக்கரில் கடவுச்சொல் அடித்து முடிப்பதற்குள் அது போய்விடும். அந்த நேர வரம்பை முதலில் எடுத்துவிடுங்கள்.

கல்லூரி, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் பொது வைஃபையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இணைப்பு கிடைத்துவிடும், ஆனால் பெயரும் போன் எண்ணும் ஓடிபியும் கேட்கும் பக்கம் பழைய பிரவுசரில் திறக்காது. திறந்தாலும் படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும். நான் முயல்வதை விட்டு ரொம்ப நாளாகிறது.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டாவது விசயம், இணையம் எத்தனை வருசம் தாங்கும் என்பது. வைஃபை இணைந்துவிட்டது, ஐபி முகவரி வந்துவிட்டது, சிக்னல் முழுசாக இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிப்போனால் இந்தக் கருவிகளின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருசத்துக்குப் போய்விடும். பாதுகாப்பான தளங்கள் தாங்கள் உண்மையான தளம்தான் என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கருவி இன்னும் பழைய வருசத்திலேயே இருந்தால், இந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை என்று கதவைச் சாத்திவிடும். தேதியைத் திருத்தினால் பாதி நேரம் சரியாகிவிடும்.

மீதிப் பாதிக்கு மருந்தில்லை. தளங்கள் இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் முறையில் 1.2-க்கும் 1.3-க்கும் போய்விட்டன, 1.0, 1.1 இரண்டையும் பெரிய பிரவுசர்கள் 2020-இல் கைவிட்டன. விண்டோஸ் சிஇ 6.0-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2018-இல் முடிந்தது. இணையத்தில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் தாய்ச் சான்றிதழ்) 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானபோது, புதிய மூலத்தை அறியாத பழைய கருவிகள் உலகம் முழுக்க ஒரே நாளில் தடுமாறின. மின்னஞ்சலிலும் இதே கதை. வெறும் கடவுச்சொல்லோடு உள்ளே வரும் பழைய செயலிகளுக்கு கூகுள் 2022 மே 30 முதல் வழியை அடைத்தது. அதன் பிறகும் இருக்கும் வழி ஆப் பாஸ்வேர்டு, பழைய செயலிக்கென்று கூகுள் தனியாக உருவாக்கித் தரும் கடவுச்சொல்: 16 எழுத்து, எல்லாமே சின்ன எழுத்து. பிரெய்லில் அடிப்பதற்கென்றே யாரோ யோசித்தது போல இருக்கும். என் கருவியில் அதை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினேன், பிறகு அதுவும் நின்றது.

வீட்டு நெட்வொர்க்குக்குள்ளும் இந்த மூப்பு தெரியும். முன்பு கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்தால் நோட்டேக்கர் வைஃபை வழியாகவே அதைத் திறக்கும். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை புது நிறுவல்களில் இயல்பாக வருவதில்லை. பழைய நோட்டேக்கருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மறுபடி இயக்கிவிடலாம், ஆனால் அது பாதுகாப்பில் ஓட்டையான முறை என்பதால் நான் இயக்கவில்லை. கோப்புகள் இப்போது எஸ்டி கார்டில் போய் வருகின்றன.

அப்படியானால் கருவியைத் தூக்கிப் பரணில் போடுவதா? பிரெய்ல் செல்கள் இன்றும் முதல் நாள் போலவே எழும்புகின்றன. போனோடு புளூடூத்தில் சேர்த்து, வெறும் பிரெய்ல் திரையாகவும் விசைப்பலகையாகவும் வைத்துக்கொண்டேன். டெர்மினல் மோடு என்று ஒரு மெனு இருக்கும், அதில் போய் புளூடூத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆண்ட்ராய்டில் முன்பு இதற்கு பிரெய்ல்பேக் என்று தனிச் செயலி வேண்டும். 2022-இல் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்புச் செயலியான டாக்பேக்கிலேயே அந்த வசதி வந்துவிட்டது. கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இருந்தால் அதோடும் சேரும். இணையம் போனில் ஓடும், சான்றிதழ் கவலை போனுடையது, நான் படிப்பது நோட்டேக்கரின் செல்களில். வாட்ஸப் குழுவில் தலைமையாசிரியர் போடும் சுற்றறிக்கையை இப்போது பாடவேளை நடுவிலேயே விரலால் படித்துவிடுகிறேன். ஒரு குறை உண்டு: போன் பையில் தூங்கப் போனால் சில சமயம் இணைப்பு அறுந்துவிடும், திரும்பப் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும்.

புத்தகங்களுக்கு இணையம் இன்னமும் வேண்டும்தான். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்திலிருந்து போனில் இறக்கிக்கொள்கிறேன். தமிழ் யூனிகோடு கோப்பை என் பழைய கருவிக்குப் படிக்கத் தெரியாது. கணினியில் லிப்லூயி என்ற மென்பொருள் வழியாகத் தமிழ் பிரெய்லாக மாற்றி பிஆர்எஃப் கோப்பாகக் கார்டில் போட்டால் போதும், விரலுக்குச் சுத்தமான பாரதி பிரெய்ல், அதாவது இந்திய மொழிகளுக்கான பிரெய்ல், வரும். பிஆர்எஃப்பில் இருப்பது புள்ளி வடிவங்கள் மட்டுமே. மொழி என்ன என்று கருவிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இந்தக் கோப்பு முறைக்குக் காலாவதி கிடையாது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

பொள்ளாச்சியில் இருக்கும் நண்பர், வங்கி ஊழியர், ஆண்ட்ராய்டில் ஓடும் நோட்டேக்கர் வைத்திருக்கிறார். சிஇ-யை விட எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு 5.1. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய பதிப்புகளுக்குப் புதிய மூலச் சான்றிதழ் தெரியாது. அவர் தன் சான்றிதழ்களைத் தானே வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டு சமாளிக்கிறார். "உங்களுது கெடந்து போச்சு, என்னுது நடந்துட்டிருக்குதுங்க, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

புதிது வாங்கும் எண்ணத்தில் ஒரு விற்பனையாளரிடம் பேசினேன். எந்த ஆண்ட்ராய்டு, பாதுகாப்பு அப்டேட் எந்த வருசம் வரைக்கும் வரும், வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸும் டபிள்யூபிஏ3-யும் உண்டா, போனுக்குப் பிரெய்ல் திரையாக வேலை செய்யுமா, பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாமா என்று கேட்டேன். முதலாவதற்கும் நான்காவதற்கும் உடனே பதில் வந்தது. அப்டேட் பற்றி, "கம்பெனில கேட்டுச் சொல்றனுங்க சார்" என்றார். அந்தப் பதில் வரும்வரை பணத்தை எடுப்பதாக இல்லை. பழைய கருவிக்குப் பேட்டரி ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.