ஒலிப்பதிவா, மொழிக் கூடா?

மலேசியாவின் பந்திங் நகர மளிகைக் கடையில், அருகிலுள்ள கேரித் தீவிலிருந்து வந்த மா மெரிப் பழங்குடிப் பாட்டியொருவர் தம் மொழியில் ஏதோ கேட்க, பேரன் மலாயில் பதில் சொன்னான். செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் காட்சி புதியதன்று. நம் வீடுகளிலும் அதுதானே நடக்கிறது.

சிறு தீவு மொழிகளைக் காக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்து அகராதி தொகுப்பது. அந்தமானின் போ மொழியைக் கடைசியாகப் பேசிய போவா மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்துவைத்த அவர் குரலை இன்றும் கேட்கலாம், ஆனால் அந்த மொழியில் மறுமொழி சொல்ல ஒருவருமில்லை.

மற்றது, 1982இல் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தொடங்கிய 'கோஹாங்கா ரேயோ' என்னும் மொழிக் கூடு, அதாவது தாய்மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி. அங்கே பாட்டிமார் மழலைகளுடன் விளையாடும்போதும், சோறூட்டும்போதும், கண்டிக்கும்போதும் மாவோரியே பேசுவர் என்பதால், பிள்ளைகளுக்கு அது பாடமாக அல்லாமல் பழக்கமாகவே படிகிறது. ஹவாய் மக்களும் 1984இல் இவ்வழியில் இறங்கினர்.

பேசுவோர் ஓரிருவரே எஞ்சிய இடத்தில் ஒலிப்பதிவுதான் முதல் வேலை. கேரித் தீவில் பாட்டிமார் இன்னும் பேசுகிறார்கள். ஆகவே அங்கே மொழிக் கூட்டையே முதலில் தொடங்க வேண்டும் என்பேன்.