மகளின் கல்லூரி பார்க்க எடின்பரோ போனோம்: ஹோட்டல், வேன் புக்கிங்கில் ஏமாந்தது எப்படி

பிள்ளையை வெளிநாட்டில் சேர்ப்பதற்கு முன் குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைக்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஈரோடு. மகள் சிபிஎஸ்இ பிளஸ் டூ முடித்தாள். இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய எட்டாம் வகுப்பு ஆசை. ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், இங்கிலாந்தில் டர்ஹம் என்று நான்கு பல்கலைக்கழகங்களிலும் விண்ணப்பித்திருந்தாள். எதை ஒப்புக்கொள்வது என்று ஜூன் முதல் வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். நான்கு வருடம் தனியாக இருக்கப் போகிற ஊர், நேரில் பார்க்காமல் எப்படி அனுப்புவது? அதனால் 2025 மே கடைசியில் கிளம்பினோம். நான், என் கணவர், மகள், பன்னிரண்டு வயதுப் பையன், அறுபத்தெட்டு வயதில் என் மாமியார். அத்தைக்கு மூட்டு வலி. அதனால்தான் நாமாக அலைய வேண்டாம், எல்லாம் ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

விமான டிக்கெட்டை நாங்களே போட்டோம். எட்டு இரவு தங்க இரண்டு அறைகள், கூடவே டிரைவரோடு ஏழு பேர் வண்டி, இதை மட்டும் எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். பெயர் சொல்ல விரும்பவில்லை, வழக்கு நடக்கிறது. தெரிந்தவர் மூலம் வந்தவர்தான். மொத்தம் 4,60,000 ரூபாய். மார்ச்சில் இரண்டு லட்சம், மிச்சம் விசா வந்த பிறகு என்று பேச்சு.

மார்ச்சிலேயே ஹோட்டல் புக்கிங் பிடிஎஃப் அனுப்பினார். "அக்கா, யுகே விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் இல்லாம ஃபைல் பண்ணவே முடியாதுங்க, அதான் முன்னாடியே போட்டுட்டேன்" என்றார். நம்பிவிட்டோம். பிறகு தேடிப் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. பிரிட்டன் அரசே வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில், விசிட்டர் விசாவுக்குப் பயன்படாத ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஹோட்டல் புக்கிங்கும் விமான டிக்கெட்டும் இருக்கின்றன. விசா கைக்கு வருமுன் தங்குமிடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். தங்குமிடச் சான்று கேட்பது ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கு. அங்கே பழகிய வழக்கத்தை ஏஜென்ட்டுகள் இங்கேயும் ஓட்டுகிறார்கள். விசாவுக்காக இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையைப் போடுவது, விசா வந்ததும் ரத்து செய்துவிடுவது. இதற்கு 'டம்மி புக்கிங்' என்று பெயரே இருக்கிறதாம். எங்களுக்கு அது தெரியாது.

எங்கள் விசா ஏப்ரல் 10 அன்று வந்தது. 13ஆம் தேதி ஏஜென்ட் போன் செய்தார். "நாளைக்குச் சித்திரை ஒண்ணு, நல்ல நாளுங்க அக்கா, பேலன்ஸ் போட்டுடுங்க." மறுநாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு 2,60,000 ரூபாயை அனுப்பினோம். அவர் அறைகளை ரத்து செய்தது ஏப்ரல் 11. இந்தத் தேதியை நாங்கள் தெரிந்துகொண்டது எடின்பரோவில், ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றபோது.

மே 23, வெள்ளிக்கிழமை. தோஹா வழியாகப் போய் மாலை ஆறு மணிக்கு இறங்கினோம். ஒருவர் அத்தை பெயரைப் பேப்பரில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய வண்டிதான். பெட்டிகளை ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்து, விமான நிலைய வளாகத்தைத் தாண்டியதும், "உங்க ஏஜென்ட் எனக்கு இன்னும் பணம் அனுப்பலை, 120 பவுண்டு கேஷா குடுங்க" என்றார். ஊருக்கு அங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. ஆளுக்குச் சில பவுண்டில் டிராம் அதே வாசலில் நிற்கிறது. ஆனால் அத்தை தூங்கிப்போயிருந்தார், பெட்டிகள் எல்லாம் அவர் வண்டியில். கொடுத்தோம். ரசீது கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாளிலிருந்து அவர் வரவும் இல்லை.

அந்த ஊரில் வாடகைக்கு ஆள் ஏற்றும் காருக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும், வண்டியில் அதற்கான தட்டு மாட்டியிருக்க வேண்டும். எங்களை ஏற்றிய வண்டியில் எதுவும் இல்லை, அது அவருடைய சொந்தக் கார். இதில் பணம் போனதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. உரிமம் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றினால் சாதாரணக் கார் இன்சூரன்ஸ் செல்லாது. மூன்று தலைமுறை ஒரே வண்டியில் உட்கார்ந்திருந்தோம்.

ஹோட்டல் ஹேமார்க்கெட் ரயில் நிலையம் பக்கம். மணி ஏழரை, வெயில் இன்னும் நல்ல மதியம்போல அடிக்கிறது. நான் பிடிஎஃப்பை நீட்டினேன். வரவேற்பில் இருந்த பெண் எண்ணைத் தட்டினார், மறுபடி தட்டினார், பிறகு ஒன்றும் சொல்லாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் பெயர், இரண்டு அறை, எட்டு இரவு, எல்லாம் சரியாக இருந்தது. கீழே சிவப்பில் 'ரத்து, ஏப்ரல் 11'. நான் கையில் இருந்த தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்போதுதான் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது: 'கட்டணம் தங்குமிடத்தில் செலுத்தவும்'. எட்டு வாரம் அந்தத் தாளை வைத்திருந்தேன். ஹோட்டலுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நான் தேதியையும் பெயரையும் மட்டும்தான் சரிபார்த்திருக்கிறேன்.

அத்தை பெரிய பெட்டிமேல் உட்கார்ந்து, முறுக்கு டப்பா இருந்த கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "ரூம் சாவி குடுத்துட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வேறு அறை கேட்டால் ஹோட்டல் முழுக்க நிரம்பிவிட்டது. அந்த வார இறுதியில் எடின்பரோ மாரத்தான், அதோடு திங்கட்கிழமை இங்கிலாந்தில் பொது விடுமுறை. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தப் பெண் முக்கால் மணி நேரம் தன் வேலையோடு வேலையாக ஊரெல்லாம் போன் போட்டார். கடைசியில் ஃபோர்த் நதிமுகத்துக்கு அந்தப் பக்கம், ரயிலில் அரை மணி தள்ளி டன்ஃபெர்ம்லினில் இரண்டு அறை கிடைத்தது. கிளம்பும்போது அவரே சொன்னார்: "ரத்தான தேதியை உங்களுக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடட்டுமா? ஊரில் தேவைப்படும்." இன்று எங்கள் வழக்கில் கெட்டியாக நிற்பது அந்த ஒரு மின்னஞ்சல்தான். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்தபோது ஊரில் நள்ளிரவு. எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது. "சர்வர் பிராப்ளம்க்கா, காலைல பாத்துடலாம்" என்று ஒரு வரி. காலையில் புதிதாக ஒரு பிடிஎஃப் வந்தது. எடின்பரோவின் லீத் பகுதியில் சர்வீஸ் அபார்ட்மெண்ட், படங்கள் பளபளவென்று. டெபாசிட் 600 பவுண்டு, நாங்களே ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம், பிறகு அவர் ஊரில் தந்துவிடுவாராம். இருந்த அலைச்சலில் என் கணவர் அனுப்பவே எழுந்துவிட்டார். மகள்தான், "அப்பா இருங்க, இதுல லைசென்ஸ் நம்பரே இல்ல" என்றாள்.

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் வீட்டையோ ஃபிளாட்டையோ நாள் வாடகைக்கு விட உள்ளாட்சி உரிமம் கட்டாயம், விளம்பரத்திலேயே அந்த எண்ணைப் போட வேண்டும். உரிமங்களின் பதிவேடு இணையத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. மகள் அந்த முகவரியைத் தேடினாள், பதிவேட்டில் இல்லை. பணம் அனுப்பவில்லை. அந்த நிமிடம் அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் 70,000 ரூபாய் போயிருக்கும்.

வண்டி வராததற்கு ஏஜென்ட் சொன்ன மாற்று என்ன தெரியுமா? "ட்ரெயின்ல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்டேஷன்ல இறங்கிக்கோங்க." அந்த ஊருக்கு ரயில் 1969இலேயே நின்றுபோய்விட்டது. லூக்கர்ஸ் என்கிற நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போக வேண்டும். டன்ஃபெர்ம்லின் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர்தான் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் அவர் போட்ட பயணத் திட்டத்தை உட்கார்ந்து படித்தோம். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாளும் பல்கலைக்கழகம் பார்ப்பதாக இருந்தது. டர்ஹமுக்குக் குறித்திருந்தது மே 26, பொது விடுமுறை. போயிருந்தால் கோட்டையையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம், துறையில் ஒரு ஆள் இருந்திருக்க மாட்டார். எடின்பரோவில் இறக்கிவிடுவதாக இருந்த இடம் ஜார்ஜ் சதுக்கம். இயற்பியல் துறை அங்கே இல்லை, தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி கிங்ஸ் பில்டிங்ஸ் வளாகத்தில் இருக்கிறது. சாதாரணச் சுற்றுலாத் திட்டம் ஒன்றை எடுத்து, இடையிடையே பல்கலைக்கழகப் பெயர்களைச் செருகியிருக்கிறார், அவ்வளவுதான். பிள்ளை எந்தப் பாடம் படிக்கப் போகிறாள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, மிச்ச நாட்களை மகளே மாற்றிப் போட்டாள். சனிக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸ் போய்ச் சும்மா நடந்து பார்த்தோம். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகம், ஊரும் வளாகமும் ஒன்றுக்குள் ஒன்று. ஞாயிறு அத்தைக்கு ஓய்வு. திங்கள் எடின்பரோவுக்குள்ளேயே ஒரு விருந்தினர் விடுதிக்கு மாறினோம். செவ்வாய் கிளாஸ்கோ, ரயிலில் ஐம்பது நிமிடம், பிறகு சப்வே என்கிற சுரங்க ரயிலில் ஹில்ஹெட் நிலையம், அங்கிருந்து நடை. புதன் டர்ஹம், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வியாழன் கிங்ஸ் பில்டிங்ஸ்.

இத்தனைக்கும் வண்டியே தேவைப்படவில்லை. 'ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு' என்று ஒன்று இருக்கிறது. 35 பவுண்டு, வருடம் முழுக்கச் செல்லும். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். பெரியவர்கள் நான்கு பேர் வரை கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், பிள்ளைகளுக்கு 60 சதவீதம். போனிலேயே வாங்கிக்கொண்டோம். ஒன்றே ஒன்று, 'அட்வான்ஸ்' என்று போட்ட மலிவு டிக்கெட் அந்தக் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். டர்ஹமிலிருந்து திரும்பும்போது துறையில் ஒரு பேராசிரியர் மகளோடு கூடுதலாக அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும் டிக்கெட்டையாவது நேரக் கட்டுப்பாடு இல்லாததாகப் போடுங்கள்.

ஜூன் மாதம் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பரீட்சை முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போனதும், பல பல்கலைக்கழகங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலேயே போடலாம். பிள்ளை தங்கப் போகிற மாதிரி அறையிலேயே நீங்களும் தங்கிப் பார்க்கலாம். ஜூன் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் எங்களுக்கு அது ஒத்துவந்திருக்காது.

மறுபடி தங்கியதற்கும் போக்குவரத்துக்கும் ஆன செலவு 1,900 பவுண்டு, சுமார் 2,20,000 ரூபாய். ஊருக்கு வந்து கேட்டால் ஏஜென்ட், "ஹோட்டல்காரன் பண்ணின தப்பு" என்றார். மின்னஞ்சலைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது. காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தோம். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 1,20,000 ரூபாய் திருப்பித் தந்தார், மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கொடுத்த சேவை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வக்கீல் முதலில் கேட்டது பில். எங்களிடம் பில் இல்லை. பணம் போனது டிராவல்ஸ் பெயரில் இருந்த கணக்குக்கு அல்ல, அவருடைய மைத்துனர் கணக்குக்கு. வெளிநாட்டுச் சுற்றுலாத் திட்டம் விற்பவர் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடித்தே ஆக வேண்டும், அது நம் பான் எண்ணில் வரவாகும். எங்களிடம் அவர் பிடிக்கவே இல்லை. "வரி இல்லாம முடிச்சுத் தர்றேங்க" என்று அவர் சொன்னதை நாங்கள் சலுகை என்று நினைத்துக்கொண்டோம். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்யுங்கள். எண்ணை ஏஜென்ட் கொடுத்த தாளிலிருந்து எடுக்காதீர்கள், ஹோட்டலின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். அறை இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, மின்னஞ்சலில் கேட்டால் பதில் வருகிறது.

மகள் கிளாஸ்கோவைத் தேர்ந்தெடுத்தாள். செப்டம்பரில் கொண்டுபோய்விட நானும் அவளும் மட்டும் போனோம். கிளம்புவதற்கு முன் அவளே ஹோட்டலுக்குப் போன் செய்து, பேசிய ஊழியரின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.