சந்தனக் கன்றுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சங்கரன்கோவில் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செவக்காடு. மானாவாரி. நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அப்பா காலத்துக்குப் பின் தரிசாகவே கிடந்தது. மரம் வைத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் போன மாசியில் ஒரு நர்சரி ஏஜென்ட் ஊருக்கு வந்தார்.

"சந்தனத்துக்குத் தண்ணியே வேண்டாம் அண்ணாச்சி. வச்சுட்டு மறந்துருங்க. பன்னெண்டு வருஷத்துல கோடி ரூபா. நாங்களே வந்து வெட்டி எடுத்துக்கிடுவோம்" என்றார். பத்துக்குப் பத்தடி இடைவெளியில் ஏக்கருக்கு 435 கன்று. நடவுகூலியோடு கன்றுக்கு 85 ரூபாய் வீதம் 870 கன்றுக்கு 73,950 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பில் இல்லை. பட்டுப்போனால் மாற்றுக் கன்று தருவதாக வெள்ளைத்தாளில் எழுதி ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

நட வந்த ஆட்கள் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஒவ்வொரு கவரிலும் சந்தனத்தோடு கொஞ்சம் பொன்னாங்கண்ணி இருந்தது. களை என்று சொல்லி அதைப் பிடுங்கி வீசினார்கள். ஏஜென்ட் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் தனியாக வளராது. பக்கத்துச் செடியின் வேரோடு தன் வேரை ஒட்டி, அதிலிருந்து நீரும் சத்தும் எடுக்கும். அதற்காகத்தான் கவரில் பொன்னாங்கண்ணியோ துவரையோ வளர்ப்பார்கள்; காட்டில் நட்ட பிறகு அகத்தி, சவுக்கு, வேம்பு என்று துணைச்செடி பக்கத்திலேயே வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது சித்திரையில்.

அதற்குள் பாதிக்கு மேல் மஞ்சளடித்துவிட்டது. டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியும் பலனில்லை. பட்ட கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் கவரின் வடிவத்திலேயே சும்மாடு மாதிரி சுருண்டு கிடக்கிறது. நாள்பட்ட கன்று. ஐப்பசி மழைக்கு வைக்க வேண்டியதை, விற்காமல் கிடந்த சரக்கைத் தள்ளுவதற்காக மாசியில் என் தலையில் கட்டிவிட்டார்கள். மிஞ்சியது 41.

போன் செய்தால் முதலில் "வெயில் ஜாஸ்தி அண்ணாச்சி" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. தாளில் இருந்த முகவரிக்குப் போனேன், பூட்டிய கடை.

இன்னொன்று. சொந்தப் பட்டா நிலமே ஆனாலும் சந்தன மரத்தை வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. "நாங்களே வெட்டி எடுத்துக்கிடுவோம்" என்று சொன்னபோதே அவரை அனுப்பியிருக்க வேண்டும். மானாவாரியில் பன்னிரண்டு வருடத்தில் எவ்வளவு வைரம் (விலை போகும் வாசனையுள்ள நடுக்கட்டை) பாயும் என்று யாராலும் எழுதித் தரவும் முடியாது.

பணம் எடுக்கும் முன் நீங்களாக ஒரு கவரைப் பொறுக்கி, கிழித்து வேரைப் பாருங்கள். கிழிக்க விடவில்லை என்றால் வாங்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலுக்கு முன்னால் நடச் சொல்கிறவரிடம் தண்ணீருக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். தென்காசி, விருதுநகர் பக்கம் இதே மாதிரி வெள்ளைத்தாள் வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் விசாரணை நகரும்.